மயிலாத்தாள் பட்டியில் ஆடுகளின் ஆயுசு

ஆவணி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை மயிலாத்தாள் பட்டிப் படலைத் திறந்தபோது ஆடுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தன. வெள்ளச்சியை மட்டும் காணோம். உள்ளே போய்ப் பார்த்தாள். மூலையில் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. தொட்டால் கட்டை மாதிரி இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வெள்ளச்சிக்கு நாலு வயது. போன வருசம் செத்த ஆட்டுக்கும் நாலு வயதுதான். அதற்கு முந்தினது மூன்றிலேயே போய்விட்டது. வாக்கப்பட்டு பெருமாட்டி ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருசம் ஆகிறது. அத்தனை வருசமும் இந்தப் பட்டியில் ஆடு வளர்க்கிறாள். விற்றுப்போனவை போகட்டும். வீட்டோடு நின்ற தாயாடுகளில் ஐந்து வயதைத் தாண்டியது காரி ஒன்றுதான்.

"சீக்கு வந்திருக்கும், உடு" என்றான் அவள் புருசன் சென்னிமலை. அவன் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன சீக்குங்க? அதத்தான கேக்கறேன். ஒவ்வொருக்காவும் சீக்கு சீக்குன்னா அதுக்கு ஒரு பேரு இருக்குமல்லங்க?"

மயிலாத்தாள் மிருகாஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். செத்த ஆட்டைப் பார்க்க டாக்டரைக் கூப்பிடுகிறாளே என்று சென்னிமலை தலையில் அடித்துக்கொண்டான்.

டாக்டர் ஜின்சன் பத்து மணிக்கு பைக்கில் வந்தார். கோட்டயத்துக்காரர், வந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. அதற்குள் பாதித் தமிழ் பிடிபட்டிருந்தது. வெள்ளச்சியின் தாடைக்குக் கீழே தொங்கிய வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது.

"புழு, சேச்சி. வயித்தில இருந்து ரத்தம் முழுக்கக் குடிச்சிடுச்சு. மருந்து கொடுக்கறதில்லையா?"

"மாசந்தவறாமக் குடுக்கறேனுங்க!" மயிலாத்தாளின் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் பாட்டிலை எடுத்து வந்து காட்டினாள். "எல்லாத்துக்கும் ஒரு மூடி. கடக்காரரு சொன்ன அளவுங்க."

ஜின்சன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குட்டிக்கும் ஒரு மூடி, பெரிய ஆட்டுக்கும் ஒரு மூடியா? எடை பார்த்துக் கொடுக்கணும். கொறச்சுக் கொறச்சு ஒரே மருந்தைக் கொடுத்தா புழுவுக்குப் பழகிப்போகும். அப்புறம் சாகாது, கேட்டோ."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. மழையிலும் வெயிலிலும் ஆட்டின் வாயைப் பிளந்து, கடி வாங்கி, மாசாமாசம் ஊற்றிய மருந்து. அது புழுவை அல்லவா வளர்த்திருக்கிறது!

"செரிங்க டாக்டர், ஒண்ணு சொல்லுங்க. ஒரு ஆடு எத்தன வருசம் உசுரோட இருக்கும்? உள்ளதச் சொல்லுங்க."

"நல்லா நோக்கினா பத்து, பன்னெண்டு வருசம். பதினஞ்சு வந்ததும் உண்டு. கெடா கொஞ்சம் முந்திப் போகும். காயடிச்சது நெறைய நாள் இருக்கும்."

"பன்னெண்டா?"

இத்தனை வருசமாக ஆடு என்றால் நாலைந்து வருசம், அதன் ஆயுசே அவ்வளவுதான் என்று அவள் மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தாள். ஊரிலும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது அந்தத் தேறுதலும் போய்விட்டது. செத்தது ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. நாலு வருசத்துக்கு முன் பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து சென்னிமலை பட்டியில் கொட்டினான். ஆடுகள் ஆசையாகத் தின்றன. மறுநாள் வயிறு உப்பி மூன்று ஆடுகள் விழுந்தன. கண்ணு பட்டுவிட்டது என்று அப்போது சொன்னார்கள். தரை ஈரத்தில் சளி பிடித்து இருமி இருமிச் செத்தவை நாலு. மூன்று குட்டி சுமந்து ஈன முடியாமல் போனது ஒன்று. ஒன்றுகூடத் தன் வயதில் சாகவில்லை.

கிளம்பும்முன் ஜின்சன் மற்ற ஆடுகளையும் பார்த்தார். காரியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். எட்டுப் பல்லும் முளைத்து முடிந்து, பல்லுக்குப் பல் நடுவில் இடைவெளி விட ஆரம்பித்திருந்தது.

"ஆறு, ஆறரை வயசிருக்கும். எத்தனை ஈத்து?"

"ஒம்பதுங்க."

"இவளுக்கு ஓய்வு வேணும், சேச்சி. பால் மறக்கும்முன்னே மறுபடி சினை. எலும்பில ஒண்ணும் பாக்கியில்ல. கெடாவைத் தனியாக் கட்டுங்க."

கெடா என்றால் தொரை. சென்னிமலையின் செல்லம். கறுப்பும் செம்மண் நிறமுமாக, முறுக்கிய கொம்போடு, பார்த்தாலே ஆள் ஒதுங்கி நிற்கிற உருப்படி. மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. சென்னிமலை டீ குடிக்கும்முன் அதற்குத் தவிடு வைப்பான். அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு, மக்காச்சோளம் என்று இரண்டு வேளையும் கையால் ஊட்டாத குறைதான். அதையும் ஜின்சன் பார்த்தார். "தவிடு கொறைங்க. தழை போடுங்க. தண்ணி நெறையக் குடிக்கணும். இல்லாட்டி மூத்திரத்தில கல்லு அடைக்கும்" என்றார். சென்னிமலை சிரித்தான். "தவிடு தின்னு செத்த கெடாவ நாம் பாத்ததில்லீங்க டாக்டர்."

அன்றைக்கு ஆரம்பித்தது மயிலாத்தாளின் போராட்டம். பட்டித் தரையைத் தூக்கி, பாக்குமரச் சட்டங்களை விரல் இடைவெளி விட்டு அடித்தாள். புழுக்கை கீழே விழும், ஆடு ஈரத்தில் படுக்காது. அறுபது சட்டத்தையும் அவள்தான் சுமந்தாள். எடை பார்க்கத் தராசு இல்லாததால் ஆட்டின் நெஞ்சைச் சுற்றி அளந்து எடையைக் கண்டுபிடிக்க ஜின்சனிடம் கற்றுக்கொண்டாள். வளர்ந்து மடங்கிய குளம்புகளை வெட்டிவிட்டாள். தொரைக்கு வேப்பமரத்தடியில் தனிக் கொட்டில் கட்டினாள்.

"ஏம்புள்ள, கெடாவ எதுக்கு செயில்ல போட்ட மாதிரி போட்டு வெச்சிருக்கற?" என்றான் சென்னிமலை.

"காரி ஒரு வருசம் சும்மா இருக்கட்டுங்க."

"சும்மா இருக்கறதுக்கு ஆடு எதுக்கு? ஆடுன்னா ஈனோணும்."

"ஈனி ஈனிச் சாவோணுமா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சண்டைக்கு வந்தாலாவது பேசித் தீர்க்கலாம். அவன் சண்டைக்கும் வரமாட்டான், சொன்னதைக் கேட்கவும் மாட்டான். அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஐப்பசியில் கொழிஞ்சாம்பாறையில் தங்கை செல்லாத்தாள் வீட்டில் சீர் விசேஷம். இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போதே தெரிந்துவிட்டது. கொட்டில் திறந்து கிடந்தது. ஆடுகளுக்கு நடுவில் தொரை உதட்டைச் சுருட்டிக்கொண்டு நின்றது.

"கத்திட்டே இருந்துது. பாவமா இருந்துது" என்றான் சென்னிமலை.

"அதுக்குப் பாவம் பாத்தீங்க. செரி. காரிக்கு ஆரு பாவம் பாக்கறது?"

சீர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரப் பையை அப்படியே அம்மிமேல் வைத்துவிட்டு, புடவைகூட மாற்றாமல் கெடாவை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு மாசத்தில் காரி சினை என்பது உறுதியாகிவிட்டது. பத்தாவது ஈத்து.

மயிலாத்தாள் ஐந்து மாசம் கணவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஆடு பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அகத்தியும் முருங்கையும் ஒடித்துவந்து காரிக்குத் தனியாகக் கொடுத்தாள். வயிறு பெருக்கப் பெருக்க முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

பங்குனியில், கொளுத்தும் மத்தியானத்தில் காரி ஈனத் தொடங்கியது. முதல் குட்டி செத்தே விழுந்தது. அடுத்தது வரவில்லை. ஜின்சன் வேறு பஞ்சாயத்தில் மாடு ஒன்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார், போனிலேயே வழி சொன்னார். மயிலாத்தாள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, உள்ளே விட்டாள். குட்டியின் தலை பின்னால் மடங்கியிருந்தது. விரலால் தாடையைப் பிடித்து மெதுவாகத் திருப்பி எடுத்தாள். அதுவும் உயிரில்லாமல்தான் வந்தது. மூன்றாவது மட்டும் உயிரோடு வந்து தும்மியது.

காரியால் எழுந்திருக்க முடியவில்லை. சாயங்காலம் ஜின்சன் வந்து சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டார். "இவ எழுந்தா அதிசயம்" என்றார். நாலு நாள் மயிலாத்தாள் சாக்கை வயிற்றுக்கடியில் கொடுத்து, உத்தரத்தில் கயிறு கட்டி, அதைத் தூக்கி நிறுத்தினாள். நாட்டுச்சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள். ஒவ்வொரு தடவையும் கால் மடங்கி விழும்போது, ஆட்டைத்தான் திட்டினாள். "எந்திரிச்சுத் தொலையேன்! எத்தன தடவதான் தூக்கறது!" சென்னிமலை பட்டிப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் காரி தானாக எழுந்து, நடுங்கிக்கொண்டே இரண்டடி வைத்து, சுவரில் சாய்ந்து நின்றது.

அத்தோடு அதன் ஈத்து முடிந்தது. இனிச் சினையாகவே கூடாது என்று ஜின்சன் சொல்லிவிட்டார்.

அந்த ஆடியிலேயே தொரைக்கு நோவு வந்தது. காலையிலிருந்து முதுகை வளைத்து முக்கிக்கொண்டு நின்றது. சொட்டுச் சொட்டாகத்தான் மூத்திரம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. சென்னிமலை ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஜின்சன் வந்து, கல் அடைத்திருந்த மூத்திரக்குழாய் நுனியைக் கத்தரித்துவிட்டார். சர்ரென்று மூத்திரம் போனதும் சென்னிமலை கையெடுத்துக் கும்பிட்டான். மறுநாள் மேலே வேறு கல் அடைத்தது. உள்ளே மூத்திரப்பை வெடித்து அடிவயிறு வீங்கியது. சாயங்காலம் பொழுது சாயும்முன் தொரை போய்விட்டது.

சென்னிமலை கெடாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நாலு வயசுகூட முடியில, மயிலா" என்றான். கண்ணீர் மீசையில் வழிந்தது.

கேட்டிருக்கலாமே என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. இத்தனை நாளும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் காத்திருந்தாள். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"டாக்டர் சொன்னப்ப சிரிச்சீங்களே" என்றாள்.

"ஆமா."

"தெரியாம செத்தாச் செரி. தெரிஞ்சுமுங்க..." மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்து, மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

இப்போது இரண்டு வருசம் ஆகிறது. புதுக் கெடாவின் கொட்டிலுக்கு சென்னிமலையே தாழ்ப்பாள் போடுகிறான். தவிட்டைக் குறைத்துவிட்டான். சாகும் ஆடுகள் குறைந்திருக்கின்றன. ஆனால் சாவு நிற்கவில்லை. போன தையில், தண்ணீர் இல்லாமல் வாடி நின்ற இளஞ்சோளத்தில் வாய் வைத்து இரண்டு ஆடுகள் அரை மணிநேரத்தில் விழுந்தன. அது விஷம் என்று அவர்கள் அறிந்திருக்கவில்லை. அன்றைக்கு மயிலாத்தாள் சோளக்காட்டு வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். "இன்னும் எத்தன வழிதான் வெச்சிருக்கற?"

காரிக்கு ஒன்பது முடிந்துவிட்டது. முன்பல் பாதி இல்லை. கடிக்க முடியாததால் தழையைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டியிருக்கிறது. அந்த வேலை மயிலாத்தாளுக்கு தினமும் முக்கால் மணிநேரம் பிடிக்கிறது. பக்கத்துத் தோட்டத்து முத்தாத்தாள் வேலியோரம் நின்று கேட்பாள்.

"பாலுமில்ல, குட்டியுமில்ல. இத எதுக்குங்க்கா வெச்சுப் பாக்கறீங்க?"

மயிலாத்தாள் அரிவாளை நிறுத்த மாட்டாள். "பன்னெண்டு வருசம் இருக்குமாமா, டாக்டர் சொன்னாரு. ஒண்ணாவது இருந்துதான் பாக்கட்டுமே!" என்பாள் கோபமாக.