ஜட்காக்காரர் வாங்கிய சிவப்புக் கார்

என் அப்பாவுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். கருமாதிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் சிவப்பு நிறம் ஆகாது என்றார். ஒருவர் வெள்ளைக்காரன் ஓட்டிய வண்டியில் ஏதோ ஏறி வந்துவிட்டது என்றார். வடையையும் பாயசத்தையும் முடித்துவிட்டு எல்லோருமே அந்தக் கார்தான் அவரைக் கொன்றது என்றார்கள். அவர்களுக்கும் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அவர் பெயர் கண்ணையன். திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் முப்பது வருஷம் ஜட்கா ஓட்டினார். காணி நிலம் கிடையாது, அவருடைய அப்பாவுக்கும் கிடையாது. சொந்தமென்று இருந்தது ஒரு வண்டியும் ஒரு குதிரையும். நான் ஒரே பிள்ளை. விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். ஐந்து வருஷம் அப்ரெண்டிஸாக இருந்து, பரீட்சை எழுதித் தேறியவன். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கை அளப்பேன். அவர் எதையும் அளந்ததில்லை. குதிரைக்குக் கொள்ளைக்கூடக் கையால்தான் அள்ளிப் போடுவார்.

1942 மாசியில் குதிரை வயிறு உப்பிச் செத்தது. நல்ல குதிரை எங்கும் கிடைக்கவில்லை. கார்தான் மலிவாகக் கிடைத்தது. சிரிக்க வேண்டாம். அந்தச் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணமே காலியாகி டிரங்கு ரோட்டில் தெற்கே ஓடியது. பெட்ரோலுக்குக் கூப்பன். திண்டிவனம் வரும்போது பாதிப் பேருக்கு டாங்க் காலி. காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, குடும்பத்தோடு ரயிலேறினார்கள். அறிவாளிகள். ஒரு குண்டுக்குப் பயந்து ஆயிரம் ரூபாய் சாமானை இருநூறுக்குக் கொடுத்தவர்கள், அடுத்த வருஷம் திரும்பி வந்து அதே காரை விசாரித்தார்கள்.

அவற்றை வாங்கி வைத்து விற்றவர் சீனுவாசன். போன மாதம் வரை மல்லாட்டைக் கடலைப் புண்ணாக்கு விற்றவர், அந்த மாதம் மோட்டார் நிபுணர். மண்டிக்குப் பின்னால் ஆறு கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். எல்லாவற்றிலும் புண்ணாக்கு நாற்றம்.

அப்பாவிடம் முந்நூற்று இருபது ரூபாய் இருந்தது. அம்மாவின் கம்மலும் அதில் அடக்கம். தப்பான வண்டியை வாங்கினால் இரண்டாவது வண்டி கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் அதே ஸ்டேஷனில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். அதனால்தான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன்.

இரண்டு மணி நேரம் பார்த்தேன். கிராங்கைச் சுற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தேன். எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஸ்டீரிங்கின் ஆட்டம், பிரேக், ஸ்பிரிங், டயர். ஒரு கறுப்புக் கார் தேறியது. நான்கு சீட்டு, நெருக்கினால் ஆறு பேர். பத்து வருஷத்து வண்டி, ஆனால் ஒழுங்காக வைத்திருந்த வண்டி. முந்நூறு சொன்னார்கள். டாக்ஸி ஓட்ட அதைவிடப் பொருத்தமாக அந்த விலையில் ஒன்றும் கிடைக்காது. இதைச் சொன்னேன்.

அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்கம் வந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"டேய், இத பாத்தியா?"

இடப்பக்க விளக்குக்குக் கீழே தகட்டில் காலணா அகலத்துக்கு ஒரு நசுங்கல்.

"நசுங்கி இருக்குது நைனா. உள்ளேருந்து தட்டினா வெளிய வந்துரும்."

"கண்ணுக்குக் கீழ கீதுடா. கண்ணீர்ச் சுழி."

குதிரைக்குக் கண்ணுக்குக் கீழே மயிர் சுழித்திருந்தால் ஜட்காக்காரர்கள் தொட மாட்டார்கள். சொந்தக்காரன் வீட்டில் அழுகை விழும் என்பது அவர்கள் சாஸ்திரம். இது அது இல்லை என்று விளக்க முயன்றேன். ஒரு தகட்டை யாரோ சுவரில் இடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன்.

"மயிரே இல்லாத வண்டிக்குச் சுழி எங்கேருந்து நைனா வரும்?"

"நீ இரும்ப பாத்துக்கினு இரு. நான் மொகத்த பாக்கறேன்."

எழுந்து நேராகக் கடைசிக் காருக்குப் போனார். சிவப்பு. மேல்கூரை துணி, அதுவும் கிழிசல். முன்பக்கம் நீளமாக மூக்கு, பின்பக்கம் குருவி வால். இரண்டே சீட்டு. வெள்ளைக்காரப் பையன் யாரோ சனிக்கிழமைகளில் பந்தயம் விட்ட வண்டியாம். அதன் மூக்கை உள்ளங்கையால் தடவிக்கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஓட்டிக் காட்டச் சொன்னார். சீனுவாசனின் டிரைவர் அவரை ஏற்றிக்கொண்டு ஒலக்கூர் வரை போய்த் திரும்பினான். வந்ததும் புகைக்குழாய் எதிரே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு காதை வைத்துக் கேட்டார்.

"ஆறு மைல் ஓடிட்டு ஆறு மைல் திரும்பி வந்துக்கீது. மூச்சு வாங்கல பாரு."

"அதுக்கு மூச்சே இல்ல நைனா. ரெண்டு சீட்டு. ஒண்ணுல நீ. மீதி ஒரே ஆளு. ஒரு ஆள ஏத்திக்கினு எப்படிப் பொழைப்ப?"

"ஒரு ஆளு போதும்."

அதற்கு மேல் விளக்கவில்லை. சீனுவாசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உடுப்பா தம்பி. கெழவனுக்கு ஆச வரக்கூடாதா?" சுற்றி நின்ற மண்டி ஆட்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்பாவைத் தொட்டதாகத் தெரியவில்லை. என்னைத் தொட்டது. படித்த மகனை இரண்டு மணி நேரம் புழுதியில் குனியவைத்துவிட்டு, கடைசியில் மூக்கைத் தடவி வாங்குகிறார்.

"வாங்கு," என்றேன். "உன் பணம். ரோட்டுல நின்னா மட்டும் எனக்கு ஆள் அனுப்பாத. நான் வரமாட்டேன்."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்துச் சீனுவாசனின் கைமேல் போட்டு, சந்தையில் மாட்டுக்குப் பேசுகிற மாதிரி துணிக்குள் விரலைப் பிடித்து விலை பேசத் தொடங்கினார். இருநூற்றுத் தொண்ணூறுக்கு முடிந்தது.

லாரி டிரைவர் மாரியப்பன் பத்து நாளில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிளப்பும்போது அப்பா நாக்கைச் சொடுக்குவார். பிரேக் போடும்போது "ஹோ, ஹோ" என்பார். லைசென்ஸ் பரீட்சையில் இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தாரோ, கொடுத்துவிட்டார். இரவில், செத்துப்போன குதிரையின் கம்பளியை எடுத்து மூக்கின்மேல் போர்த்துவார். அதுவும் வைகாசி மாதத்தில்.

ஸ்டேஷன் வாசலில் பழைய கூட்டாளிகள் விடவில்லை.

"இன்னா கண்ணையா, மாப்ள கணக்கா கீற! பொண்ணு எங்க?"

"பொண்ணுக்குத்தான் எடம் வச்சிக்கினு கீறேன். உன் மாமியார அனுப்பு, ஜல்தியா கொண்டுபோய் உட்டுட்டு வர்றேன்."

அந்த ஒரே ஆள் யார் என்பது எனக்குத் தை மாதம்தான் தெரிந்தது. மல்லாட்டைத் தரகர் பெரியதம்பி. வீடு திண்டிவனத்தில், வியாபாரம் இரண்டு ஊரிலும். விழுப்புரத்தில் காலை ஏலம் ஆரம்பிக்குமுன் போய்ச் சேர வேண்டும். சண்டைக் காலத்தில் பட்டாள ஸ்பெஷலுக்கு வழிவிட்டுப் பாசஞ்சர் ஏதாவது சின்ன ஸ்டேஷனில் மணிக்கணக்கில் நிற்கும். பஸ் கரிப்புகையில் ஓடி, மேட்டில் இறங்கித் தள்ளச் சொல்லும். சிவப்பு வண்டி இருபத்து நான்கு மைலை ஐம்பது நிமிஷத்தில் முடித்தது. சின்ன இஞ்சின், கூப்பன் பெட்ரோலும் கட்டுப்படியானது. முன்பே பெரியதம்பியிடம் பேசி வைத்துவிட்டுத்தான் அப்பா சீனுவாசனிடம் போயிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருவனுடைய பிழைப்பு என்ன என்று தெரிந்துகொள்ளாமலேயே அவனுக்கு வண்டி பொறுக்கித் தரப் போன நிபுணன் நான்.

தெரிந்த பிறகாவது மாறினேனா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவேன், சாப்பிடுவேன், காரைப் பார்க்காமல் அதைத் தாண்டிப் போவேன். நான் வரும் நேரத்துக்கு அவர் போனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். துடைக்க அங்கே ஒன்றும் இருக்காது. இஞ்சினின் சத்தம் தெருமுனையிலேயே எனக்குக் கேட்கும். தாப்பெட் கொஞ்சம் தளர்ந்திருந்தது. கால் மணி நேர வேலை. செய்யவில்லை.

"ஒரு வாட்டி இன்னான்னு பாரேண்டா," என்று அம்மா தையல்நாயகி சொன்னாள்.

"முகம் பாத்து வாங்கின வண்டிம்மா. முகம் பாக்கறவர கூப்பிடு."

உள்ளே அவர் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும்.

1943 வைகாசி, ஒரு வியாழக்கிழமை பகல் இரண்டு மணி. ஷெட் வாசலில் ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். விக்கிரவாண்டியில் சோடாக்கடை வைத்திருக்கும் அந்தோணிசாமி. எட்டு மைல் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். சட்டை முழுக்க ஈரம்.

"தம்பி, உங்க நைனா..." என்று தொடங்கி, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். மீதியை நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

காலையில் பெரியதம்பியை விழுப்புரத்தில் இறக்கிவிட்டு அப்பா தனியாகத் திரும்பியிருக்கிறார். விக்கிரவாண்டி தாண்டுமுன் வண்டி இருமி நின்றிருக்கிறது. சோடாக்கடைக்கு எதிரே. கிராங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். ஓடவில்லை.

"நான் சொன்னேன் தம்பி. 'யோவ் கண்ணையா, உன் புள்ள விழுப்புரத்துலதான கீறாரு, ஆள அனுப்பட்டுமா'ன்னு கேட்டேன். 'வாணாம்பா, அவன் டூட்டில இருப்பான், அவனுக்கு எதுக்குப் பேஜாரு'ன்னுட்டாரு. 'நெழல்ல உட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்'னேன். கேக்கல. கயிறு இருக்குதான்னார். கெணத்துக் கயிறு இருந்துது, குடுத்தேன்."

ஜட்காக்காரன் வண்டியை ரோட்டில் விட்டுப் போக மாட்டான். குதிரை விழுந்தால் அவிழ்த்துவிட்டு, ஏர்க்காலுக்கு நடுவே தானே நுழைந்து வீட்டுக்கு இழுத்து வருவான். வண்டி என்றால் முன்னால் நின்று இழுப்பது. பின்னால் நின்று தள்ள அவருக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பக்கமும் முன் அச்சில் கயிற்றைக் கட்டி, துண்டை மடித்து மார்பில் வைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். வைகாசி வெயில். பதினோரு மணி. திண்டிவனம் பதினாறு மைல்.

மூன்று மைல் இழுத்திருக்கிறார். ஒரு சின்ன ஏற்றத்தின் மேலே போய், ஓரமாக நிறுத்தி, வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அதன் மேலேயே சாய்ந்திருக்கிறார். பார வண்டிக்காரன் ஒருவன் பார்த்துவிட்டு வந்து சோடாக்கடையில் சொல்லியிருக்கிறான்.

நான் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. அவரைப் பார வண்டியில் ஏற்றி, மேலே துணி போட்டிருந்தார்கள். புறப்படத் தயாராக நின்றார்கள். நான் அவரிடம் போகவில்லை. காரின் போனெட்டைத் திறந்தேன். பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. கார்புரேட்டரில் ஜெட்டைக் கழற்றினேன். ஊசி நுழையாத துளை. அதில் ஒரு மணல் துகள். சண்டைக் காலத்துப் பெட்ரோலில் என்ன வேண்டுமானாலும் இருக்கும். வாயால் ஊதினேன். திரும்ப மாட்டிக் கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஓடியது. மொத்தம் இரண்டு நிமிஷம், ஸ்பேனர் தேடிய நேரத்தையும் சேர்த்து.

"ஓடுதே!" என்றான் பார வண்டிக்காரன், ஏதோ நல்ல செய்தி போல.

கறுப்புக் காரைப் பற்றியும் எழுத வேண்டும், நேர்மைக்காக. அதை ஒரு அரிசி மில்காரர் வாங்கினார். இன்றைக்கும் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. ஒரு நாள்கூட நின்றதில்லை என்கிறார்கள். அந்த வீட்டில் யாரும் அழவில்லை. நசுங்கலைக்கூட இன்னும் தட்டவில்லை. நான் பொறுக்கியதுதான் சரியான வண்டி. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கருமாதிக்கு மறுநாள் சீனுவாசன் வந்தார். துக்கம் விசாரிக்க ஐந்து நிமிஷம், வண்டியைச் சுற்றி வர கால் மணி.

"சாவு வூட்டு வண்டி தம்பி. எவன் வாங்குவான்? ஏதோ உங்கம்மாவுக்காக நூத்தம்பது தர்றேன்."

கிராங்கைச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

"நல்லா கீதே! எந்த ஒர்க்ஷாப்ல பாத்தே? இன்னா கோளாறு?"

"ஒண்ணுமில்ல."

"எரநூறு. உங்கப்பனுக்குக் கண்ணு நல்ல கண்ணுப்பா, அப்பவே சொன்னேன்."

அப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த வாய் அது. ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. அம்மா உள்ளிருந்து, "குடுத்துர்றா. அத வச்சிக்கினு தெனமும் யாரு பாக்கறது," என்றாள். அவளை என்னோடு விழுப்புரம் ரயில்வே லைன் வீட்டுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. பெரியதம்பி வேறு வண்டி பார்த்துக்கொண்டார். இனி இந்தக் காரால் பிழைக்க யாரும் இல்லை.

கார் விற்கும் சீனுவாசனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவருடைய டிரைவரும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். மண்டி வரை நான்தான் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. உட்கார்ந்தேன். சீட்டின் ஸ்பிரிங் இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. ஜட்காவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பழகிய உடம்பு. கிளட்ச் பட்டுப் போல இருந்தது. ஒவ்வொரு நட்டிலும் எண்ணெய். ஸ்டீரிங் சக்கரத்தில் குதிரையின் வார்ப்பட்டைத் தோலைச் சுற்றித் தைத்திருந்தார், கை வழுக்காமல். தையல் ஒரே சீராக இருந்தது.

மண்டி ஒரு மைல். வழியெல்லாம் ஆடும் சைக்கிளும். மூன்றாவது கியருக்கு வேலையே இல்லை. பக்கத்துச் சீட்டில் சீனுவாசன், "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி இறங்கினேன். இருநூறை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அம்மா பெட்டியோடு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். பாசஞ்சர் மூன்று மணி நேரம் லேட்.