முனியாண்டி சோறும் ஒரு மேஜர் ஜெனரலும்

வெள்ளைக்கார மேஜர் ஜெனரல் ஒருவர் என் அம்மாவைத் தேடிக்கொண்டு ஈப்போவில் வந்து தங்கியிருக்கிறார் என்று கோயில் தலைவர் போனில் சொன்னபோது எனக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, கோபம்தான்.

“எதுக்காம்?” என்றேன்.

“அம்மாவ ஜெயிலுக்கு அனுப்புனது அவருதானாம் லா. அப்ப சின்ன ஆபீசராம். மன்னிப்புக் கேக்கணுமாம்.”

“இத்தன வருசம் தூங்கிட்டு இப்பத்தான் முழிச்சாராக்கும்?”

தலைவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஜெயில் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலாயாவை வெள்ளைக்காரர்கள் ஆண்டபோது, கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து அவர்களோடு சண்டைபோட்ட அவசரகாலம் அது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மா ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தார். வயது பத்தொன்பது. வேலைக்குப் போகிறவர்கள் குடியிருப்பைச் சுற்றிப் போட்ட வேலியின் கதவைத் தாண்டி ஒரு பருக்கை சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் அது காட்டில் இருப்பவர்களுக்குத்தான் என்று பிடித்துவிடுவார்கள். ஆனால் புதிய ரப்பர் மர வரிசையில் முதல் கத்தி வைக்குமுன் முனியாண்டிக்குப் படைக்காமல் எங்கள் ஆட்கள் மரத்தைத் தொடமாட்டார்கள். அந்தத் தடவை பொறுப்பு அம்மாவுடையது. ரப்பர் பால் வாளிக்கு அடியில் ஓர் இலைப் பொட்டலம் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். கோழிக்கறிச் சோறு, அதன்மேல் ஒரு சுருட்டு.

கதவில் நின்ற இளம் அதிகாரி பொட்டலத்தைப் பிரித்தார். பெண்பிள்ளை தனக்கா சுருட்டு கொண்டுபோவாள்? காட்டில் யாரோ ஓர் ஆம்பளைக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டார். சாமிக்கு, சாமிக்கு என்று அம்மா கதறியிருக்கிறார். அங்கே நின்ற ஒருவருக்கும் தமிழ் தெரியாது. மூன்று மாதம் உள்ளே போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்த மறுமாதம் என் அண்ணன் காய்ச்சலில் இறந்துபோனான். இரண்டு வயது. நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. ஜெயில் ஒரு கதை, அண்ணன் வேறொரு கதை என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். அதற்குப் பிறகு அம்மா முனி கோயில் பக்கமே போனதில்லை. ஜெயிலுக்குப் போனபோது சாமி காப்பாற்றவில்லை என்ற கோபமாக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஜெனரலின் உத்தியோக வரலாற்றைத் தலைவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். லெப்டினன்ட், கேப்டன், மேஜர், கர்னல், பிரிகேடியர். பாலைவனத்தில் சண்டை, ஜெர்மனியில் பல்லாயிரம் பேருக்குத் தலைமை, ராணி கையால் பதக்கம். அடேயப்பா! திட்டுவதற்குத் தயாராக இருந்த நானே இன்னொரு தடவை மேலிருந்து வாசித்தேன்.

“இவ்ளோ பெரிய ஆளு எங்கிட்ட எதுக்கு வாராரு? நம்ம நாக்காலி ஒரு காலு ஆடுமே லா” என்றார் அம்மா.

மறுநாள் காலையில் வந்தார். தொண்ணூறை நெருங்கியவர். வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். தலைவர் உதவப் போனதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். உள்ளே வந்து உட்காரவில்லை. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மாவின் முன்னால் விறைப்பாக நின்றார். அவர் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன்.

ராணுவத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டே அம்மாவைப் பிடித்ததற்குத்தானாம். அன்று சாயங்காலமே தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அது சாமி சோறு என்று விளக்கிவிட்டாராம். ஆனாலும் அனுப்பிய அறிக்கையை அவர் திரும்ப வாங்கவில்லை. “பயந்துவிட்டேன். அதன்மேல் ஏறித்தான் மற்ற எல்லாப் பதவிக்கும் போனேன்” என்றார். அத்தனை பேரை ஆட்டி வைத்த மனிதர், தகரக் கூரை வீட்டில் நின்றுகொண்டு, பயம் என்ற வார்த்தையைக் கூசாமல் சொன்னார். என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

அம்மா கையை ஆட்டினார். “ஜெயிலு கெடக்கட்டும் லா, அத விடச் சொல்லு. அந்தச் சோறு என்னாச்சுன்னு கேளு.”

“அதையாம்மா கேக்கிறது?”

“கேளுன்னா கேளு!”

கேட்டேன். பிடிபட்ட சோற்றை அழிக்க வேண்டும் என்பது சட்டமாம். கிராணி சொன்ன பிறகு அவருக்குக் கை வரவில்லை. இருட்டுவதற்கு முன் பொட்டலத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, தான் காவல் காத்த அதே கதவைத் தாண்டி, முனிக்குப் படையல் வைக்கும் கல் இருந்த மரத்தடிக்குப் போயிருக்கிறார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றார்.

அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “தரையிலயா வச்சாரு?”

இல்லை, கல்லின் மேல்.

“பூட்ஸோடயா?”

கழற்றிவிட்டுத்தான். கிராணி சொல்லியிருந்தார்.

“சுருட்டு? பத்த வச்சாரா?”

வைத்தாராம். அதுவரை புகைத்தே பழக்கமில்லை, இழுத்துப் பற்ற வைத்ததில் இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிட்டதாம்.

“கும்பிட்டாரா?”

கும்பிடத் தெரியவில்லை என்றார். “சல்யூட் வைத்தேன்.”

மேலதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து நின்றே பதில் சொன்னார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு என் கையை எட்டிப் பிடித்தார்.

“முனிக்குச் சோறு போயிருக்குடி. அவரு பசியோட இருக்கல. எம்புள்ள என்னால சாகல.”

அறுபத்து மூன்று வருடம் அவருக்கு மகளாக இருந்திருக்கிறேன். அண்ணனைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு அம்மா எங்களுக்குச் சோறு போட்டார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.