கொடிக்குக் கீழே ஒரு கம்பி

காலை ஏழு மணி, இரண்டு பாய்மரம், காசிம் பாய்: ராயபுரத்தில் நான் வீட்டு ரேடியோவுக்கு மட்டும் ஏரியல் கட்டிக்கொண்டிருந்த காலம் 1954 ஆவணியில் இப்படி முடிந்தது. மொட்டை மாடிகளில் ஏரியல் கட்டிச் சலித்த சக தொழிலாளிகளே, மாடி ஆடாது என்பதற்காக ஒரு கும்பிடு போடுங்கள்.

காசிம் பாயின் தோணி யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும். முந்தின வருடம் ரேடியோவில் புயல் எச்சரிக்கை வந்தது. கடலில் இருந்த அவருடைய இன்னொரு தோணியில் ரேடியோ இல்லை. அதில் போனவர்கள் திரும்பவில்லை. இந்தத் தோணியின் தண்டல், அதாவது தலைமை மாலுமி, அவருடைய தம்பி ரஹீம். பாட்டரி ரேடியோ ஒன்று பேசாமல் தம்பியை அனுப்புவதில்லை என்று பாய் சொல்லிவிட்டார்.

உச்சி யாருக்கு

ஏரியல் உயரத்தில் இருந்தால் நல்லது. பெரிய மரத்தின் உச்சியில் மூங்கில் நட்டுக் கம்பி கட்டலாம் என்றேன். அங்கே நேர்ந்துகொண்டு ஏற்றிய பச்சைக் கொடி பறந்தது. ரஹீம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொடிக்கு மேல காக்கா குந்தினாலே வெரட்டுவோம். உன் கம்பி இன்னா அத்தினி பெரிய ஆளா, நைனா?"

பாய் ஏறியபோது

கொடிக்குக் கீழே, இரண்டு மரத்துக்கும் நடுவில் செம்புக் கம்பியை இழுத்து, அலை மரத்தில் கசியாமலிருக்க முனைகளில் பீங்கான் கோத்தேன். நங்கூரத்தில் நின்றபோது சென்னை நிலையம் பக்கத்து வீடு மாதிரிப் பேசியது. காசிம் பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு பாயை ஏற்றினார்கள். பாயைத் தாங்கும் குறுக்குக் கழி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பியது. திரும்பும் வழியில் என் கம்பி இருந்தது.

அறுந்த முனையை ரஹீம் என் கையில் கொடுத்தார். "பாயை எறக்கினாத்தான் கேக்கும்னா, கரையிலயே குந்திக் கேட்டுக்கலாமே, மாமு."

தகட்டுக்கு மரியாதை

கழி எட்டாத இடம் ஒன்றுதான்: பின் மரத்திலிருந்து தோணியின் பின்கோடி வரை, சரிவாக. அங்கே கட்டினேன். எர்த்துக்குத் தோணியின் அடியில், தண்ணீர் படும் இடத்தில், செம்புத் தகடு அடித்தேன். நன்றாகப் பேசியது. ஒரு வாரத்தில் குரல் கொசு ரீங்காரமாகிவிட்டது.

புறப்படும் முன் தோணியின் அடிப்பக்கத்துக்குக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது அவர்கள் வழக்கம். தகட்டையும் சேர்த்துப் பூசியிருந்தார்கள். தண்ணீர் படாத தகடு எர்த் ஆகாது. உட்கார்ந்து சுரண்டினேன். பூசிய ஆள் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். "உப்புத் தண்ணி அரிச்சுடப் போவுதேன்னு அதுக்கு மட்டும் இன்னொரு தபா பூசினோம்."

ஐப்பசி

தோணி போய்விட்டது. காசிம் பாய் சாயங்காலங்களில் என் கடைக்கு வந்து ரேடியோ பக்கத்தில் உட்காருவார். பாட்டு வந்தாலும் தலையாட்டமாட்டார். ஒரு நாள் புயல் எச்சரிக்கை வாசித்தார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்: "இங்க கேக்குது, தம்பி. அங்க கேக்குதா?"

1954 கார்த்திகை முதல் வாரம் ரஹீமும் ஆட்களும் தோணியை நாகப்பட்டினத்தில் கட்டிவிட்டு ரயிலில் வந்து இறங்கினார்கள். எச்சரிக்கையைக் கேட்டு அவர்கள் அங்கே ஒதுங்கிய மறுநாள் ஏரியலைக் காற்று கொண்டுபோயிருந்தது.