படியில் கிடந்த உப்பு

இந்த ஊரில் நான் யார் காலையாவது மிதித்துவிட்டால் அவர்கள்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். வந்து இறங்கிய மூன்றாம் நாள், கடை வரிசையில் நின்றவள் பின்னால் நகர்ந்து, ஒரு பெரியவரின் காலை நன்றாக அழுத்தி மிதித்துவிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் "ஸாரி!" என்றார். என் கை பழக்க தோஷத்தில் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போயிற்று. அவர் பதறி ஓரடி பின்வாங்கி, இன்னொரு தடவை "ஸாரி" என்றார். மிதித்தவள் நான், ஸாரி இரண்டும் அவருடையது! போனில் இதைச் சொன்னதும் அம்மா, "நல்ல ஊருதான் போ, நீ மிதிச்சிக்கினே இரு" என்று சிரித்தாள்.

நான் மரக்காணம் உப்பளத்துப் பக்கம். அம்மா முப்பது வருஷமாக அளத்தில் கூலி வேலை செய்கிறாள். பாத்தியில் விளைந்த உப்பை, நீளக் கம்பில் கட்டிய பலகையால் வாரிக் கரையில் குவிப்பாள். நான் வட இங்கிலாந்தில், தெருவெல்லாம் ஏற்றமும் இறக்கமுமான ஒரு நகரத்தில் நீர் மேலாண்மை படிக்க வந்திருக்கிறேன். நீர் மேலாண்மை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சிரிக்க உதவும். வருகிற செப்டம்பரில் பெட்டி கட்டப்போகிற தம்பி தங்கைகளுக்கும், "அங்க எல்லாம் எப்படி, எப்படி" என்று துளைத்தெடுக்கிற ஊர்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இங்கே முதலில் பிடித்துப்போனது பஸ்தான். இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவரைப் பார்த்து "தேங்க் யூ" சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை, தள்ளாத கிழவர், காதில் பாட்டு மாட்டிய பையன், ஒருவர் பாக்கியில்லை. அடடா, என்ன ஒரு பழக்கம்! மரக்காணத்திலிருந்து பாண்டிக்குக் கல்லூரி போன மூன்று வருஷமும் எங்கள் பஸ்ஸில் நான் கேட்டது "எறங்கு எறங்கு, படியில நிக்காத" மட்டும்தான். டிரைவர் முகம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. இங்கே முதல் வாரமே நெஞ்சை நிமிர்த்தி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி "தேங்க் யூ டிரைவர்!" என்று கத்தினேன். ஸ்டியரிங் பிடித்திருந்த அம்மாள் என்னை உற்றுப் பார்த்து, "நீ பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கிற பெண்தானே?" என்றார். அப்படி அறிமுகமானவர்தான் கரோல். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தனியாக இருக்கிறார். காலையில் அந்த வழித்தடத்தின் முதல் பஸ் அவருடையது.

எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். நானும் ஜிம்பாப்வேயிலிருந்து வந்த ரூத்தும் வாடகைக்கு இருக்கிற வீட்டின் கதவும் கரோல் வீட்டுக் கதவும் அடுத்தடுத்து. இரண்டுக்கும் பொதுவாக நாலு கல்படி. கரோல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "யூ ஆல்ரைட், லவ்?" என்பார். முதல் தடவை நின்று நிதானமாகப் பதில் சொன்னேன்: தலைவலி, தூக்கம் வராதது, இந்த ஊர் ரொட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதது, எல்லாம். பாவம், கையில் பையோடு கேட்டுக்கொண்டே நின்றார். அது கேள்வியே இல்லையாம், வணக்கமாம். நாமும் "ஆல்ரைட்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம். ரூத்துதான் சொன்னாள். ஆனால் அந்த "லவ்" எனக்கு இனித்தது. இந்தப் பக்கத்தில் காய்கறி விற்பவரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார், தெரியும். இருந்தாலும் கடல் தாண்டி வந்தவளை ஒருத்தர் தினமும் காலையில் அன்பே என்று கூப்பிட்டால் கசக்கவா செய்யும்?

நான் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. எழுந்ததும் கதவைத் திறந்து, படியைப் பெருக்கி, ஒரு சொம்பு தண்ணீர் தெளிப்பேன். சாணி இல்லை, கோலமாவு இல்லை, தண்ணீராவது இருக்கட்டுமே. வாசல் தெளிக்காமல் வெளியே போனால் முகம் கழுவாமல் போன மாதிரி எனக்கு இருக்கும். கரோல் அதைப் பார்த்து "ஹவ் இன்ட்ரஸ்டிங்!" என்றார். மனம் குளிர்ந்துபோய், மறுநாளிலிருந்து இரண்டு சொம்பாக்கினேன். இங்கே "இன்ட்ரஸ்டிங்" என்றால் "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்று அர்த்தமாம். அது விளங்க எனக்கு ஐப்பசி ஆயிற்று.

கார்த்திகை முடிகிற சமயம், ஒருநாள் காலை ஆறு மணி. கதவைத் திறந்தால் நாலு படியிலும் உப்பு! விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். கல்லுப்பு, மண் நிறம், கரடுமுரடு. எங்கள் அளத்தில் இப்படிப்பட்டதைக் கழிவு என்று தனியே தள்ளுவார்கள். வாசலில் உப்பு கிடந்தால் நம்மூரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கோ சுற்றிப் போட்ட திருஷ்டி, இல்லையென்றால் அதைவிட மோசம். இந்த ஊரில் எனக்கு யார் விரோதி? சரி, அதையும் விடுங்கள். செருப்புக் காலோடு உப்பை எப்படி மிதிப்பது? அம்மா நாள் முழுக்க உப்பில்தான் நிற்கிறாள், வாஸ்தவம். ஆனால் செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு, பாத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் இறங்குவாள். துடைப்பத்தை எடுத்து ஒரு கல் விடாமல் கூட்டி அள்ளினேன். குப்பையில் போட மனம் வரவில்லை. சமையலறைத் தொட்டியில் போட்டுக் கரைத்துவிட்டேன். பிறகு, வந்த தோஷம் போகட்டும் என்று ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிப் படியைக் கழுவினேன். வெளியே குளிர் பூஜ்ஜியத்துக்கும் கீழே. சொன்னேனே, நீர் மேலாண்மை.

அரை மணி கழித்துப் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தொம்மென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சீருடையோடு கரோல் நடைபாதையில் கிடக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஸாரி, லவ்! தூக்கத்தைக் கெடுத்துவிட்டேனா?" அடிபட்டதா என்று கேட்டேன். "ஐ'ம் ஃபைன், நாட் டு வொர்ரி" என்று எழுந்து, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நடந்துவிட்டார். நான் நம்பிவிட்டேன். ஃபைன் என்றாரே! நம்மூரில் விழுந்தவர் "ஐயோ அம்மா" என்று தெருவைக் கூட்டுவார், பத்துப் பேர் ஓடிவருவார்கள், ஒருத்தர் சோடா உடைப்பார். இங்கே கை உடைந்தாலும் ஃபைன்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பின்னாலேயே வந்த ரூத் படியைப் பார்த்தாள். கண்ணாடி போட்ட மாதிரி பனிக்கட்டி. "நேற்று சாயங்காலமே கரோல் நம் பக்கத்துக்கும் சேர்த்து உப்புப் போட்டாரே, பனி உறையாமல் இருக்க. அது எங்கே போயிற்று?" என்று கேட்டாள். மூலையில் இருந்த துடைப்பத்தையும் வாளியையும் அவளுக்குக் காட்டினேன். நான் விழுந்துவிடக் கூடாது என்று ஒருத்தர் போட்ட உப்பைக் கழுவி, அவரையே விழவைத்திருக்கிறேன்.

சாயங்காலம் கரோல் மாவுக்கட்டோடு திரும்பினார். மணிக்கட்டு முறிவு. ஆறு வாரம் பஸ் ஓட்டக் கூடாது. வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "ஆச்சரியம்தான், உப்புப் போட்டேனே! போதாமல் போட்டிருப்பேன். என் தப்பு" என்றார். அவருக்குத் தெரியாது. ரூத்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ரூத், "வாயைத் திறக்காதே. வீட்டுக்காரர் காதுக்குப் போனால் நம் இரண்டு பேருக்கும் வம்பு" என்றாள். எனக்கும் பயம்தான். வீடு போகுமோ, விசா போகுமோ என்று இல்லாததெல்லாம் கற்பனை செய்தேன். எல்லாவற்றையும்விட, காலையில் அந்த "லவ்" போய்விடுமே என்பதுதான் பெரிய பயம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு விஷயத்தின் முதல் பாதியே ஏறவில்லை.

"இன்னாடி சொல்ற? உப்பை ரோட்ல கொட்றாங்களா? பொய் சொல்லாத."

"நெசமாம்மா. லாரில எடுத்துனு வந்து தெருத் தெருவா வாரி எறைக்கிறாங்க."

"அடப்பாவிங்களா, நாங்க இங்க முதுகு ஒடிய வார்றோம்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தி, "அந்தம்மாவுக்கு எந்தக் கைடி?" என்றாள்.

"சோத்துக் கை."

"வண்டி ஓட்ற கையாச்சே" என்றாள். "சொல்லிட்டியா?"

"இல்லம்மா."

"உம்" என்று போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

மறுநாள் மத்தியானம் சாம்பார் சாதம் கிளறி, டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கரோல் வீட்டு மணியை அடித்தேன். முன்கூட்டிக் கேட்காமல் யார் வீட்டு மணியையும் இங்கே அடிக்கக் கூடாது, அது பெரிய மரியாதைக் குறைவு. அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? கதவு திறந்ததும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். உப்பைக் கண்டு பயந்தது, கூட்டியது, கரைத்தது, ஒரு வாளி தண்ணீர், எல்லாம். கரோல் படியைப் பார்த்தார், கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐ'ட் ராதர் யூ ஹேடன்ட்" என்றார். நீ அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம். அவ்வளவுதான். இடது கையால் டப்பாவை வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ" சொல்லி, கதவை மெதுவாகச் சாத்தினார். தம்பி தங்கைகளே, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நம்மூர்த் தெருவில் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டால் என்ன அர்த்தமோ, அதுதான் இந்த நாலு வார்த்தைக்கு அர்த்தம். அறைக்கு வந்து தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

அடுத்த நாலு நாளும் கரோல் என்னைப் பார்த்தால் "மார்னிங்" என்றார். வெறும் மார்னிங். லவ் இல்லை.

தெருமுனையில் ஒரு மஞ்சள் பெட்டி உண்டு. பூட்டு இல்லை, காவல் இல்லை, உள்ளே நிறைய உப்பு. பனிக் காலத்தில் யார் வேண்டுமானாலும் அள்ளித் தெருவில் போடலாம். இப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் கண்ணில் பட்டது. நாலு மணிக்கே இருட்டுகிற ஊர். வகுப்பு முடிந்து வந்ததும் ஒரு வாளி அள்ளிவந்து எங்கள் படி, கரோல் வாசல், அதற்கப்பால் நடைபாதை என்று போட ஆரம்பித்தேன். உப்பு கையில் வந்ததும் எனக்கு உயிரே வந்துவிட்டது! எத்தனை பிடி, எவ்வளவு ஈரம், எங்கே தங்கும், எங்கே ஓடும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போட்டதை மிதிக்கக் கூடாதே என்பதற்காக, மேல்படியில் தொடங்கிப் பின்பக்கமாகவே இறங்கி, தெரு முழுக்கப் பின்பக்கமாகவே நடந்தேன்.

ஐந்தாம் நாள் ஜன்னல் கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம். கரோல் ஜன்னலைத் தூக்கித் தலையை நீட்டினார்.

"ஏன் பின்னாலேயே நடக்கிறாய், லவ்?"

லவ்! வாளியைக் கீழே போட்டுவிட்டேன். உப்பை மிதிக்கக் கூடாது, அதில்தான் என் அம்மா சோறு போட்டாள் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, நாலு படியிலும் உப்புப் போட்டாயிற்று. இனி வீட்டுக்குள் எப்படிப் போவாய்?" என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை! நாலு நாளும் பின்கதவு திறந்திருந்தது. அன்றைக்குப் பார்த்து ரூத் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். வேறு வழி? பூட்ஸைக் கழற்றினேன், சாக்ஸைக் கழற்றினேன், படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அம்மா பாத்தியில் இறங்குகிற மாதிரி வெறுங்காலோடு ஏறினேன். ஐயோ, அந்தக் குளிர்! "யம்மா, யம்மா" என்று அலறிக்கொண்டு நாலு படியையும் தாவினேன். கரோல் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றைக்கு அவர் வீட்டு அடுப்பருகே உட்கார்ந்து டீ குடித்தேன். சாம்பார் சாதம் நன்றாக இருந்ததாம், இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டதில் பாதி மடியில் விழுந்ததாம். "கோபம் போய்விட்டதா?" என்று கேட்டேன். "நாட் என்டயர்லி" என்றார். முழுதாக இல்லை. அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதால் என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

இப்போது மாசி பிறந்துவிட்டது. கரோல் மறுபடி பஸ் ஓட்டுகிறார்; நான் இறங்கும்போது என் "தேங்க் யூ டிரைவர்" முன்னைவிடச் சத்தமாக இருக்கிறது. பனி இல்லாத காலைகளில் சொம்பில் தண்ணீர் தெளிக்கிறேன். பனி உண்டென்றால் உப்பு. சில நாள் கரோலே வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "இன்றைக்கு எது, தண்ணீரா உப்பா?" என்று என்னைக் கேட்கிறார்.

இன்று காலை உப்பு. இறைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா வீடியோவில் வந்தாள். அங்கே உச்சி வெயில், இந்த வருஷத்து முதல் உப்பு, அவள் பின்னால் வெள்ளையாகக் குவிந்திருந்தது. போனைத் திருப்பி இங்கத்துப் படியைக் காட்டினேன். "ஏ அஞ்சலை, இங்க வா! நாம வார்றதை எம்பொண்ணு ரோட்ல வீசினு இருக்குது, பாரு இந்தக் கூத்தை" என்று பக்கத்துப் பாத்திக்காரியைக் கூப்பிட்டாள். பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, "கால்ல இன்னாடி அது?" என்றாள்.

"பூட்ஸும்மா. வகுப்புக்கு நேரமாச்சு. கழட்டுனா கால் வெறச்சிப் போவும்."

"சரி. பார்த்து மிதி" என்றாள்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு படியில் காலை வைத்தேன். பூட்ஸுக்கு அடியில் உப்பு நொறுங்கியது. கை தானாகத் தாழ்ந்து படியைத் தொட்டுக் கண்ணுக்குப் போயிற்று. வாய் தானாக "ஸாரி" என்றது.