ஞாயிற்றுக்கிழமை வந்த பாரைக் கூட்டம்

சில வருடங்களுக்கு முன், சாம்பல்தீவுப் பக்கத்துக் கடற்கரையில் நடந்தது இது. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற என்னை மீனவர் சங்கத்தார் ஆலோசகராக வைத்திருந்தார்கள். ஆலோசகர் என்றால், சண்டை வரும்போது விதியை வாசித்துக் காட்டுகிறவர். சம்பளம் பால் விடாத ஒரு பிளேன்ரீ.

அந்தக் கரையில், கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற கரைவலையை வளைக்க முறை உண்டு. ஒவ்வொரு வலைக்கும் ஒரு நாள். வளைக்காவிட்டால் அந்த நாள் அடுத்த வலைக்குப் போகும். மறுபடியும் தவறினால் கரையிலேயே இடமில்லை. ஒரே வலை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் ஏற்கனவே ஒரு முறை தவறியிருந்தார்கள். காரணம், அன்று ஞாயிறு; ஜெபவீட்டுக் கிறிஸ்தவர்களான அவர்கள் ஞாயிறில் வேலை செய்வதில்லை. அடுத்த முறையும் ஞாயிற்றிலேயே விழுந்தது. மற்றவர்கள் சம்மதித்தால் நாளை மாற்றலாம். ஒருவரும் சம்மதிக்கவில்லை. கோயில் தேருக்கு முழுக் கரையும் வலையைச் சுருட்டி வைக்கிற ஊர் அது.

“நாங்களும் வேதக்காரர்தான். விடியப் பூசை கண்டிட்டு வந்து வலை வளைக்கிறம். இவைக்கு மட்டும் தனிக் கடவுளோ?” என்றார் கத்தோலிக்கரான அடுத்த வலைக்காரர். கூட்டம் சிரித்தது.

அந்த ஞாயிறு காலை பாரைக் கூட்டம் வந்தது. கரைக்குக் கிட்டத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அந்தப் பருவத்தில் அப்படி மீன் வந்ததேயில்லை. சகோதரர்கள் ஜெபவீட்டில் இருந்து வெள்ளைச் சட்டையோடு வந்து மணலில் நின்றார்கள். மூத்தவரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் மூத்தவரைத் தனியே கூப்பிட்டேன். “உங்கட வலையை வேற ஆக்கள் வளைக்கட்டும். நீங்கள் தொடவே வேண்டாம். விதிப்படி உங்கட முறை பறிபோகாது.” கச்சேரியில் இதைவிடச் சின்ன ஓட்டைகளால் ஆட்களைத் தப்ப வைத்திருக்கிறேன்.

“என்ர வலை கடலுக்குப் போனா நானே போன மாதிரித்தானே, ஐயா. ஏலாது.”

“மச்சான், கர்த்தர் மீனை அனுப்பியிருக்கிறார். திருப்பி அனுப்பப் போறியோ?” என்று அடுத்த வலைக்காரர் கத்தினார். எனக்கே சிரிப்பு வந்தது. இளையவர் மட்டும் கடலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அசையவில்லை.

மீன் முழுவதும் அடுத்த வலைக்குள் போனது. பின்னேரம் கூட்டத்தில் நான் விதியை வாசித்தேன். இருவருக்கும் கரையில் இடம் போனது.

திங்கள் காலை, முறைப்பாடு எழுதித் தரச் சொல்லி வருவார்கள் என்று நினைத்தேன். மேன்முறையீட்டுக்கு வழிகூட யோசித்து வைத்திருந்தேன். கரைக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். நேற்றுவரை சொந்த வலை வளைத்த சகோதரர்கள், அந்த அடுத்த வலைக்காரரின் கயிற்றுக் கடைசியில் கூலிக்கு நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. வெட்கம் முழுவதும் வலைக்காரரின் முகத்தில் இருந்தது.

“ஞாயிறும் வருவியளோ?” என்று கேட்டார் அவர். நேற்றைய சத்தம் அவரிடம் இல்லை.

“இல்லை அண்ணை. திங்கள் வாறம்.”

இப்போதும் ஞாயிறுகளில் அந்தக் கரைக்குப் போனால் கயிற்றுக் கடைசியில் இரண்டு பேருடைய இடம் வெறுமையாகக் கிடக்கிறது; அந்த வலைக்காரர் அங்கே வேறு ஆள் நிறுத்துவதில்லை. ஆட்களை நீக்குவதற்கு எனக்குத் தெரிந்த அத்தனை விதிகளும் அந்த இடத்தைப் பார்க்கும்போது வாயடைத்துப் போகின்றன.