சில்வர் பூசிய முன் சக்கரம்

அடி வாங்குவதா, சாவதா என்று யோசித்து, சாவதே மேல் என்று ஒருமுறை முடிவெடுத்திருக்கிறேன். அதில் வீரம் எதுவும் இல்லை. என்னோடு சேர்ந்து சாகவேண்டியவர்களில் என் அம்மாவும் ஒருவர்; அடிக்கப் போகிறவரும் அவரேதான். அம்மாவிடம் அடிபடாமல் தப்பிக்க அம்மாவையே பலிகொடுக்கலாம் என்று ஒரு பத்து வயது மூளைக்குத் தோன்றியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அந்த யோசனை அன்றைக்கு எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது என்பது இன்னும் கூசுகிறது.

அப்போது நாங்கள் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் பின்சுவரை ஒட்டிக் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். சாயப்பட்டறையில் வேலை. அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. எத்தனை பேர் ஓட்டிக் களைத்த பிறகு அவர் கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. அதற்குச் சோமனூரில் பெண் பார்க்கப் போகும் யோகம் வந்தது. பெண் பார்க்கப் போனவர் மாமாதான். ஆனால் அந்த ஒரு வாரம் அவர் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததைவிட வண்டியின் சக்கரங்களைப் பார்த்ததுதான் அதிகம். துருவும் உரிந்த பெயின்ட்டுமாக அவை சொறி பிடித்துக் கிடந்தன. பெண் வீட்டார் முதலில் பார்ப்பது சக்கரத்தைத்தான் என்பது அவர் சித்தாந்தம்.

"மெக்கானிக்குகிட்டக் குடுத்தா என்னடா?" என்றார் அம்மா.

"தெனமும் வண்டி வண்டியாத் துணி வெளுக்கறனுங்கக்கா. ரெண்டு சக்கரத்த வெளுக்கத் தெரியாதுங்களா எனக்கு?"

பட்டறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேனில் காஸ்டிக் வந்தது. துணியின் எண்ணெய்ப்பசையை எடுக்கக் கொதிக்கவிடும் சரக்கு அது. பழைய பெயின்ட்டில் தடவினால், தோல் உரிவதுபோலச் சுருண்டு எழும்பும். மாமா இரண்டு சக்கரங்களையும் கழற்றி, டயரை நெம்பி எடுத்து, துவைக்கிற கல்லின்மேல் கிடத்தினார். குச்சி நுனியில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி, காஸ்டிக்கில் தோய்த்து, வெளிவளையத்தில் மட்டும் தடவித் தடவிக் கழுவினார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் பொறுப்பு. நடுவே கம்பிகளெல்லாம் வந்து சேர்கிற ஹப்பையும் நான்தான் தேய்க்கவேண்டும்.

"கேன் பக்கம் மட்டும் போயராத கண்ணு. கைய அரிச்சுப்போடும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

வெளிவளையம் இரும்பு, ஹப் அலுமினியம் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேன் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முன் சக்கரத்து ஹப்பை அரை மணி நேரம் தேய்த்தும் அழுக்கு அசையவில்லை. பின் எதற்கு அந்தக் கேன் சும்மா இருக்கிறது? ஒரு பிடி பனியன் வேஸ்ட்டை நன்றாக நனைத்து, ஹப்பைச் சுற்றிப் பற்றுப் போடுவதுபோலக் கட்டிவைத்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சோடா பாட்டில் உடைத்ததுபோல ஒரு சீறல். நுரை பொங்கியது. ஆவி மூக்கில் ஏறி இருமல் வந்தது. தொட்டால் சுட்டது. தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, வேஸ்ட்டைப் பிய்த்தெடுத்துப் பார்த்தால், ஹப் அடுப்புக்கரிபோலக் கறுத்து, அம்மை போட்ட முகமாகக் குழி விழுந்திருந்தது. என் விரல்கள் சோப்பில் ஊறியதுபோல வழுவழுத்தன. எத்தனை கழுவியும் அது போகவில்லை.

மாமா திரும்புவதற்குள் சில்வர் பெயின்ட் டப்பாவைத் திறந்து, கறுப்பு தெரியாத அளவுக்கு மூன்று கை அடித்துவிட்டேன்.

"அட, ஹப்புக்கே அடிச்சுப்போட்டியா! மாப்ளைன்னா மாப்ளதான்" என்று மாமா முதுகில் தட்டினார். அவரும் வளையங்களுக்கு ரெட் ஆக்சைடு பூசி, மறுநாள் அதன்மேல் சில்வரும் பூசினார். பனியன் கம்பெனியிலிருந்து பறந்துவந்த பஞ்சு ஈரப் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு சக்கரங்களுக்கு மீசை முளைத்தது. அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். அதுவரை எனக்கு இருந்தது குற்ற உணர்ச்சி மட்டும்தான். அதோடு வாழ்ந்துவிடலாம்.

சாப்பிடும்போதுதான் மாமா அந்தக் கதையைச் சொன்னார். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் காஸ்டிக்கை அலுமினியக் குண்டாவில் மொண்டு வைத்துவிட்டானாம்.

"சாயங்காலம் தூக்கறான், அடி கழண்டு உழுந்துருச்சுங்கக்கா. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டுப் போயிரும்."

எனக்கு முன் சக்கரத்து ஹப் கண்முன் வந்தது. தோல் உரிந்த விரல்களில் ரசம் பட்டு எரிந்தது. எரிகிறது என்று சொன்னால் ஏன் எரிகிறது என்று கேட்பார்கள். ஆகவே மறுசோறு கேட்டு வாங்கி, அதற்கும் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

பெண் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை வரை தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முன் சக்கரத்தின்மேல் காது வைத்துக் கேட்டேன். உள்ளே அது அரிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பக்கத்துக் கம்பெனியில் மிஷின் நிறுத்தும்போது அதுவும் நிற்கும். இந்த ஒற்றுமையிலிருந்து ஒரு முடிவுக்கு வரும் அளவுக்கு என் அறிவு அப்போது வேலை செய்யவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அம்மாவிடம் போனேன். அம்மாவின் கை சின்னது. ஆனால் எப்போதும் அதில் ஏதாவது ஒரு பொருள் இருக்கும். முதல் தடவை பூரிக்கட்டை. இரண்டாம் தடவை விளக்குமாறு. திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மாமா சக்கரங்களை மாட்டினார். ஞாயிறு காலை, குளித்து வெள்ளைச் சட்டையில் நின்றவரிடம், சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

"மாமா, சக்கரம் கெட்டியா நிக்குமுங்களா?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "ஏன் கேக்கற? யாரு என்ன சொன்னா? எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்குது. அக்காகிட்ட எதையாச்சும் ஒளறி வெக்காத." சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் பெண்ணின் போட்டோ இருக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு இருந்த ஒரே நிம்மதி, அந்த வண்டியில் நான் போகப் போவதில்லை என்பது. அப்பா முன்னாலேயே பஸ் ஏறிவிட்டார். மாமாவும் அம்மாவும் வண்டியில். கணக்குப் பார்த்த அம்மா திடுக்கிட்டார். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது.

"நீயும் கெளம்பு சாமி."

"வயிறு வலிக்குதுங்மா. ஒரு கல்ல எடுத்துட்டுப் போனா நாலுன்னு கணக்காயிருமுங்களே?"

"கல்லுக்குப் பதிலாத்தான் உன்னயக் கூட்டிட்டுப் போறது. ஏறு."

என்னைப் பெட்ரோல் டேங்கின்மேல் உட்காரவைத்தார்கள். எனக்குப் பின்னால் மாமா, அவருக்குப் பின்னால் மடியில் பூவும் பழமுமாக அம்மா. குனிந்தால் எனக்கு நேர் கீழே முன் சக்கரம். வெயில் பட்டு அது பளபளவென்று சுற்றியது. அது எப்படி உடையும் என்று விலாவாரியாகத் தெரிந்திருந்தது எனக்கு. முதலில் நடுவில் ஒரு விரிசல், பிறகு கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும், முதலில் போய் விழுகிறவன் நான், என்மேல் மாமா, எல்லோர்மேலும் அம்மா. அப்படி விழுந்த பிறகும் அவர் என்னை அடிக்க எழுந்திருப்பார் என்றுதான் தோன்றியது. தெரிந்த சாமிகள் எல்லோரிடமும் வேண்டினேன். மொட்டை போடுகிறேன் என்றேன். மாமாவுக்கும் சேர்த்துப் போடுகிறேன் என்றேன்.

சாமிகள் கேட்டுவிட்டன போலிருந்தது. மாமா வழக்கத்துக்கு மாறாக ஊர்ந்துகொண்டிருந்தார். சைக்கிள்காரர்கள் தாண்டிப் போனார்கள். பருத்தி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று ரொம்ப நேரம் கூடவே வந்து, சலித்துப்போய் முந்திக்கொண்டது.

"என்றா இது, மாடெல்லாம் நம்மளத் தாண்டிப் போகுது? நல்ல நேரம் முடியறதுக்குள்ள போவமா?" என்றார் அம்மா.

"புதுப் பெயின்ட்டுங்கக்கா. புழுதி ஒட்டிக்கும்."

மங்கலம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது கீழே 'டக்' என்றது. நான் அலறிவிட்டேன். "மாமா, நிறுத்துங்க!"

அவ்வளவு வேகமாக ஒருவர் வண்டியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. எனக்காகவே காத்திருந்தவர்போல நிறுத்தினார். குதித்து இறங்கி, பின் சக்கரத்தின் பக்கம் போய்க் குனிந்தார். முன் சக்கரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னடா ஆச்சு?" என்றார் அம்மா. சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அவர் கையில் தேங்காய் இருந்தது.

"ஒண்ணுக்கு வருதுங்மா."

"எனக்கும்" என்றார் மாமா.

வேலியோரம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். இருவருக்குமே வரவில்லை. மாமாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கண்ணு, வண்டில ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா உனக்கு?"

"இல்லீங்க மாமா."

"எனக்கும் கேக்குல" என்றார். நிம்மதியாக ஆளுக்கொரு பொய்யோடு திரும்பி வந்து ஏறிக்கொண்டோம்.

சோமனூர் வந்து சேர்ந்துவிட்டோம். தறிச் சத்தத்துக்கு நடுவே வாசலில் அப்பா நின்றிருந்தார். உள்ளே போனோம், காபி வந்தது, பெண் வந்தது. மாமா பெண்ணைப் பார்த்த நேரத்தைவிட வாசலில் நின்ற வண்டியைப் பார்த்த நேரம் அதிகம். அவருடைய வெள்ளைச் சட்டைப்பையில் வட்டமாக ஒரு கிரீஸ் கறை தெரிந்தது. அதை எல்லோரும் பார்த்தோம். கிளம்பும்போது, "நீங்க மச்சானோட பஸ்ல போயிருங்கக்கா. நான் டயருக்குக் காத்துப் பாத்துட்டு வர்றேன்" என்று எங்களை அனுப்பிவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. அந்த முன் சக்கரத்தில் மாமா தனியாக வரப்போகிறார் என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. தூங்கிக்கூடப் போனேன். பொழுது சாய்வதற்குள் அவர் முழுசாக வந்து சேர்ந்தார். வரும்போது வழக்கமான வேகம்.

அந்தப் பெண் எனக்கு அத்தை ஆனார். முன் சக்கரம் கடைசிவரை உடையவில்லை. நான் கட்டியிருந்த பற்று மேல்தோலைத்தான் தின்றிருக்கவேண்டும். வண்டி விற்றுப்போன பிறகும் பல வருஷம் அந்த ஹப் என் கனவில் சீறியது. மாமாவின் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மாமாவும் அத்தையும் வந்தபோது, இனி அடிக்க ஆளில்லை என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அது போவுது. என்ற கதையக் கேளு. சனிக்கெழம பின் சக்கரத்த மாட்டி முடிச்சுப் பாத்தா, ஒரு இரும்பு வளையம் கல்லுமேல மிச்சம் கெடக்குது. எங்க போடறதுன்னு தெரியில. மெக்கானிக்குகிட்டப் போலாமுன்னா, அக்கா அப்பவே சொன்னாங்களே, எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது? பையில போட்டுட்டுக் கெளம்பிட்டேன். சோமனூர் மெக்கானிக்கு அதப் பாத்துப்போட்டு, 'மூணு பேரு இதுல வந்தீங்களா'ன்னு கேட்டவன், உசுரு இருக்குதான்னு என்னயத் தொட்டுப் பாத்தான்."

வழி முழுக்க முன் சக்கரத்தையே முறைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கழன்றுவிடக் காத்திருந்தது பின் சக்கரம். அதற்கு நேர் மேலே அம்மா பூவும் பழமுமாக உட்கார்ந்து, ஏன் இத்தனை மெதுவாகப் போகிறாய் என்று திட்டிக்கொண்டே வந்திருக்கிறார். இரண்டு பேருடைய பயத்துக்கும் நடுவில் அவர் ஒருவர்தான் நிம்மதியாகப் பயணம் செய்தவர்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"வண்டி அன்னைக்கு ஆடி அசைஞ்சு வந்ததச் சன்னல்ல பாத்து, நிதானமான மனுசன்னு நெனச்சுத்தான் சரின்னேன். பயந்துக்கிட்டு வந்தாருன்னு நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல கண்ணு?"