தஸ்லீம் தேர்ந்தெடுத்த பம்பு

பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்துவந்த குடும்பத்திலிருந்து ஆலை வேலைக்குப் போன முதல் ஆள் தஸ்லீம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எரிவாயு வால்வு செய்யும் ஆலையொன்றில் சோதனைப் பிரிவு அவனுடையது. வால்வைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே காற்றைச் செலுத்தி, குமிழி கிளம்புகிறதா என்று கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். ஒரு குமிழியைத் தவறவிட்டால் எங்கோ ஓர் அடுப்படி பற்றிக்கொள்ளும் என்ற பயமே அவனை நல்ல சோதனையாளனாக்கியது. அந்தப் பயம் பொன்னேரி வீட்டுக்கும் கூடவே வந்தது. சமையலறைச் சிலிண்டரை முகர்ந்து பார்க்காமல் அவன் படுப்பதில்லை.

இப்படிப்பட்டவனை மலைக்கு இழுத்தவன் அவன் மனைவி முபீனாவின் தம்பி ரஷீத். 2008-இல் இருவரும் கியர் வைத்த மலைச் சைக்கிள்கள் வாங்கினார்கள். வழியில் பஞ்சரானால் என்ன செய்வது என்ற கவலை தஸ்லீமுக்கு முதல் நாளே வந்துவிட்டது. சென்னையில் சைக்கிள் கடை வைத்திருந்த வீரராகவன் கையடக்கப் பம்புகள் இரண்டை எடுத்துக் காட்டினார். ஒன்று விரல் பருமன். மற்றது உருட்டுக்கட்டை போல் தடித்தது. இரண்டையும் இரவல் வாங்கிப்போய் ஆலையின் அழுத்தமானியில் பொருத்திப் பார்த்தான் தஸ்லீம். மெல்லியது முள்ளை நூறு பவுண்டுக்கு ஏற்றியது. தடித்தது பாதியிலேயே திணறியது. அதற்குமேல் யோசிக்க அவனுக்கு எதுவும் இருக்கவில்லை. மெல்லியதை வாங்கினான்.

ஐப்பசி ஞாயிறு ஒன்றில் எளாவூர்ச் சோதனைச் சாவடியைக் கடந்து, மேற்கே ஆந்திர மலைக்குள் இருக்கும் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். பின்னே மலையுச்சி கறுத்திருந்தது. கீழே காட்டாற்றின் தரைப்பாலத்தைத் தாண்டினால்தான் ஊர். மழை கொட்டினால் பாலம் முழுகிவிடும் என்று காலையிலேயே ஓர் ஆட்டுக்காரர் எச்சரித்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கருவேல முள் தஸ்லீமின் பின்சக்கரத்தில் ஏறியது.

ட்யூபில் போட்ட ஒட்டு நன்றாகவே ஒட்டியது. காற்றுதான் ஏறவில்லை. அடித்தான், அடித்தான், டயர் வெற்றுப் பை போலத் துவண்டே கிடந்தது. உச்சியில் இடி உருண்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆலையின் அழுத்தமானியில் காற்று நிரம்ப வேண்டிய இடம் ஒரு கைப்பிடிகூட இல்லை. இங்கே கைப்பருமனுள்ள டயர் முழுவதும் வெறுமையாகக் கிடக்கிறது. அவன் அளந்தது அழுத்தத்தை. தேவைப்பட்டதோ ஓர் அடிக்கு ஏறும் காற்றின் கொள்ளளவு.

“இன்னா மச்சான், பம்பா இது? கொசு ஊதற மாதிரி இருக்குது!” என்றான் ரஷீத். சிரிக்கத்தான் முயன்றான்; கண் மலையுச்சிக்கே போய்வந்தது.

“உன் வண்டி நல்லாத்தானே கீது? நீ கெளம்பு. பாலத்த தாண்டிடு.”

“தனியா போய் அக்காகிட்ட இன்னா சொல்றது? உம் புருசன் காத்து அட்ச்சிக்கினு இருக்கார்னா? பேஜார் பண்ணாத, நவுரு!”

ரஷீத் ட்யூபை உருவி எறிந்தான். பையிலிருந்த ஈர லுங்கிகள் இரண்டையும் பாதையோரப் புல்லையும் டயருக்குள் திணித்தார்கள். சக்கரம் நொண்டியது, ஆனாலும் உருண்டது. பாலத்தை அடைந்தபோது செம்மண் நீர் அதன்மேல் புரளத் தொடங்கியிருந்தது. வண்டிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர் முழங்காலைப் பிடித்து இழுத்தது. “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்பதைத் தவிர தஸ்லீமின் வாயில் வேறு சொல் வரவில்லை. கரையேறித் திரும்பிப் பார்த்தபோது பாலத்தைக் காணவில்லை.

அடுத்த வாரம் அவன் வீரராகவனின் கடைக்குப் போனான். தடித்த பம்பைக் கேட்டான். கடையில் நின்ற மலைச் சைக்கிளின் டயரிலிருந்து காற்றை முழுவதும் இறக்கிவிடலாமா என்றும் கேட்டான்.

“இன்னா சார், நல்லா இருக்கற டயர எறக்கச் சொல்றீங்க? எல்லாரும் எவ்ளோ பவுண்ட் ஏறும்னுதான் கேப்பாங்க!”

தஸ்லீம் டயரின் காற்றை இறக்கினான். உட்கார்ந்து அடித்தான். டயர் கண்ணெதிரே புடைத்தெழுந்தது. கட்டைவிரலால் அழுத்தினான், கல்லாக நின்றது.

“ஏறிச்சில்ல? பில்லு போட்டுறவா?”

“இருங்க சார்.” வால்வை அழுத்தி, ஏற்றிய காற்றையெல்லாம் மறுபடி இறக்கினான். “இன்னொரு தபா அட்ச்சிப் பாத்துடறேன்.”